வளைவுக்கு 143 ரூபாய்

நகரமைப்புப் படிக்கச் சென்னைக்குப் போன காலத்தில், கொல்லிமலையின் தேவனூர் நாட்டில் எங்கள் வீடு மண்சுவர், புல் கூரை, சாணி மெழுகிய தரை. ஹாஸ்டலில் யாராவது வீட்டைப் பற்றிக் கேட்டால், ஆகாய கங்கை அருவியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். இப்போது அந்த மலையின் ரிசார்ட்டுகளில் அதே மண்சுவருக்கும் அதே கூரைக்கும் சென்னைக்காரர்கள் ராத்திரி வாடகை கொடுக்கிறார்கள். கூடுதலாகக் குழாயில் வெந்நீர் வரும். நாங்கள் வேறு வழியில்லாமல் தின்ற சாமைச் சோறு அங்கே விருந்து.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது, 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் இருந்தது. 2021-ல் அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆயிற்று. குடிசை முழுசாக ஒழிந்த இடம் பெயர்ப்பலகைதான். சென்னையில் கூவம், அடையாறு கரையில் இருந்தவர்களைத் தொலைவில் உள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விட்டார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் சுறுசுறுப்பாக. வேலை நகரத்துக்குள், வீடு அடுக்குமாடிக் கட்டடத்தில், நடுவில் பஸ். ஊருக்கு வெளியே, தூரத்தில், ஏழை இருந்தால் மறுகுடியமர்வு. வசதியுள்ளவர் இருந்தால் பண்ணை வீடு.

மலைக்கும் திட்டம் ஏறி வந்தது. 2016-ல் வந்த பிரதமர் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் ஒன்றிய அரசின் கணக்கு: சமவெளிக்கு 1.20 லட்சம், மலைக்கும் சிரமமான பகுதிகளுக்கும் 1.30 லட்சம். (கூரைக்கென்று மாநில அரசு தனியாகத் தருவது வேறு.) காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். சிமென்ட், கம்பி எல்லாம் கீழ்நாட்டிலிருந்து மலையேறித்தான் வர வேண்டும். அதிகப்படியான பத்தாயிரத்தை வகுத்துப் பார்த்தேன். வளைவுக்கு 143 ரூபாய்கூடத் தேறவில்லை. லாரிக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பயனாளிகளைத் தேர்ந்தெடுத்தது 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்து. ஒரே அறை, மண்சுவர், புல்லோ ஓலையோ வேய்ந்த கூரை என்றால் அந்தக் குடும்பத்தின் கணக்கில் அது ஒரு குறை. சுவரையும் கூரையையும் மட்டும் பார்த்தால், ரிசார்ட் குடில்கள் அத்தனையும் பட்டியலின் தலையிலேயே வரும்.

என் அத்தைக்கும் வீடு வந்தது. திட்டத்தின் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், சமையலிடம் உட்பட. பரண் கிடையாது, தானியமும் விதையும் வைக்க இடமில்லை. அடுப்புக்கு விறகு, விறகுக்குப் புகை என்பதை வரைபடம் போட்டவர் மறந்துவிட்டார். மார்கழியில் கான்கிரீட் சில்லிட, அத்தை பழைய வீட்டிலேயே படுத்துக்கொண்டார். புது வீட்டுக்குள் காப்பிக்கொட்டை மூட்டை. "மொளகு காயப்போட மாடி நல்லாத்தான் இருக்குது கண்ணு" என்றார். அரசுத் திட்டத்துக்கு இதைவிட மரியாதையான மதிப்பீட்டை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

போன வருடம் ரிசார்ட் கட்டும் ஒருவர் வந்து பழைய வீட்டின் கதவையும் மரத்தூண்களையும் விலைக்குக் கேட்டார். அத்தை தரவில்லை. அவ்வளவு தூரம் வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், வேண்டுமானால் கான்கிரீட் வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போகச் சொன்னாராம்.