கட்டை நம்முது, கம்பிதான் மட்டம்

விருத்தாசலத்தில் மாசி மகத்துக்கு மெல்லிசைக் கச்சேரி வைத்தால், யார் பாடுகிறார்கள் என்பதைவிட ஃபியூஸ் எப்போது போகும் என்பதில்தான் எங்கள் செட்டுக்கு அக்கறை. தெருவுக்கு நாலு வீட்டில் யாராவது பீங்கான் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த காலம். சூளையில் வெந்து வரும் ஃபியூஸ் கட்டை ஊரின் கௌரவம். அதனால் சரணத்தின் நடுவில் மேடை இருண்டால், "கட்டை நம்முது, கம்பிதான் மட்டம்" என்று கூட்டத்தில் ஒரு குரல் ஊர் மானத்தைக் காப்பாற்றும். மைக் செத்தாலும் டோலக்காரர் நிறுத்தமாட்டார். இருட்டில் அந்த வெறும் தோல் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு, இன்றைய ஹெட்போனில் ஏதோ ஒன்று குறைவது புரியும்.

கச்சேரி இல்லாத நாட்களுக்கு ரெக்கார்டிங் சென்டர். நோட்டுத்தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுத்து, "சனிக்கிழமை வா தம்பி" என்ற வாக்கை நம்பி மூன்று சனிக்கிழமை நடந்து வாங்கிய கேசட்டில், பக்கம் முடியும் இடத்து மிச்ச நாடாவில் சென்டர் அண்ணன் தன் ரசனைக்கு ஒரு பாட்டைத் திணித்திருப்பார். அது இரண்டாம் சரணத்தில் 'டக்'கென்று அறுந்துவிடும். இப்போது அதே பாட்டு போனில் முழுசாக ஓடுகிறது. எனக்கென்னவோ அந்த 'டக்'குக்குப் பிறகு வருவதெல்லாம் யாரோ பின்னால் சேர்த்தது போலத் தோன்றுகிறது.

கேசட் அட்டையில் 'இசை: இளையராஜா' என்று மட்டும் இருக்கும். அத்தனை வாத்தியத்தையும் அவர் ஒருத்தரே வாசிக்கிறார் என்று டீக்கடையில் அடித்துப் பேசிய பையன் ஒருவன் இருந்தான். அவன் பெயரைச் சொல்ல எனக்குச் சங்கடம். அந்த ஒரு பெயருக்குள் ஒரு பெரிய குழுவே இருந்ததும், அந்தக் குழுவுக்கு முன்னால் பாவலர் வரதராஜன் குழு இருந்ததும் அவனுக்கு எங்கே தெரியும்? 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தல் மேடைகளில் அண்ணன் வரதராஜன் பாட, தம்பி ராசய்யா, அதாவது பின்னாளைய இளையராஜா, கூடவே போனார். பெண் குரலில் பாடிக்கொண்டிருந்த தம்பிக்குக் குரல் உடைந்ததும், அந்த வேலை அடுத்த தம்பி அமருக்குப் போனது. சென்னைக்கு வந்த ராசய்யாவுக்கு எஸ்.பி.பி.யின் மேடைக் குழுவில் ஆர்மோனியம், கிதார், 1976-ல் 'அன்னக்கிளி' படம். அப்புறம் அவர் குழுவில் வி.எஸ்.நரசிம்மனின் வயலின், நெப்போலியனின் புல்லாங்குழல், சதானந்தம் கிதார், சசிதரன் பேஸ், புருஷோத்தமன் டிரம்ஸ், விஜி மானுவேல் கீபோர்டு. நடுவில் கீபோர்டுக்கு வந்து போன திலீப் என்ற பையன் 1992-ல் ஏ.ஆர்.ரஹ்மானாகத் திரும்பி வந்து, ரெக்கார்டிங் சென்டர் அண்ணனின் ஸ்பீக்கரையே மாற்ற வைத்தார்.

1986-ல் ராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' வாத்திய இசைத் தொகுப்பு வந்தபோது நானும் கூட்டாளிகளும் காசு சேர்த்து வாங்கி, அண்ணன் கடையிலேயே போட்டுக் கேட்டோம். நரசிம்மனின் வயலின் பொழிகிறது. பொறுமையாகக் கேட்ட அண்ணன், "எல்லாம் சரி, பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்?" என்றார். நாங்களும் உள்ளூர அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தோம், வெளியே சொல்லவில்லை.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் குழு ராஜாவின் சிம்பொனியை வாசித்ததன் துணுக்குகளை விருத்தாசலம் ஜங்ஷனில் சேலம் வண்டிக்குக் காத்திருந்தபடி பார்த்தேன். பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

கச்சேரிகள் இன்னும் நடக்கின்றன. எட்டுப் பேர் வாசித்ததை ஒரு கீபோர்டும் ஒரு பேடும் பார்த்துக்கொள்கின்றன; ஜெனரேட்டர் இருப்பதால் இருட்டுக்கும் வேலை போய்விட்டது. 2017-ல், ஒரு காலத்தில் தாம் ஆர்மோனியம் வாசித்த குழுவின் தலைவரான எஸ்.பி.பி.க்கே தம் பாடல்களை அனுமதியில்லாமல் மேடையில் பாடக்கூடாது என்று ராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனதும் ஊரெல்லாம் நியாயம் பேசினார்கள். எங்கள் ஊர்ப் பழைய டோலக்காரருக்கு வேறு கவலை: "நாப்பது வருஷமா அவர் பாட்டத்தான் வாசிக்கிறேன். எனக்கு ஒரு நோட்டீஸ் வரலியே தம்பி, வந்தா ஃபிரேம் போட்டு மாட்டுவேன்."