மூன்று டீச்சரும் ஒரு இடுப்பும்

கேள்வி: என் மகள் பெல்லி டான்ஸ் கற்கிறாள். அதற்குள் மூன்று டீச்சர் மாற்றியாகிவிட்டது. பரதநாட்டியம்போல இதற்கும் குரு பரம்பரை உண்டா, இல்லை இடுப்பை ஆட்டினால் போதுமா?
– ஒரு தாய், அல்சூர், பெங்களூரு

பதில்: உண்டு அம்மா. 1926-இல் கெய்ரோவில் கேளிக்கை விடுதி திறந்த பதியா மசப்னி அம்மையாரிடமிருந்து தொடங்கலாம். கல்யாண வீட்டு ஆட்டத்தைப் பெரிய மேடைக்கும் வாத்தியக் குழுவுக்கும் ஏற்றபடி மாற்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கைகளுக்கும் வேலை கொடுத்தார். அதுவரை இடுப்பே எல்லாச் சுமையையும் தாங்கிக்கொண்டிருந்தது, பாவம்! எகிப்திய சினிமா கொண்டாடிய தஹியா கரியோகா, சாமியா கமால் இருவரும் அந்த விடுதியில் தேறியவர்கள். ஆனால் தஹியா நின்ற இடத்திலேயே ஆடி மயக்குவார். சாமியா மேடை முழுவதையும் அளப்பார். ஒரே பட்டறையில் இப்படி இரண்டு வார்ப்பு வந்ததே, அதற்காகவே பதியாவுக்கு என் ஓட்டு.

டீச்சர் மாற்றுவது குற்றமா? உங்கள் ஊரில் 1912-இல் பிறந்த நடனக் கலைஞர் ராம் கோபாலைக் கேளுங்கள். கதகளிக்குக் குஞ்சு குருப்பு, பரதத்துக்குப் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. பிறகு ஐரோப்பிய மேடைகளையே கலக்கினார். ஊருக்கு வெளியே ஹெசரகட்டாவில் 1990-இல் நிருத்யகிராமம் என்ற நடனக் குருகுலத்தைத் தொடங்கிய புரொதிமா பேடியோ, இருபத்தாறு வயதில் ஒடிசியைப் பார்த்துச் சொக்கி, குருவைத் தேடிக் கட்டாக்குக்கே போய் கேளுசரண் மகாபாத்ராவிடம் கற்றவர்.

ஆகவே மகளைத் திட்டாதீர்கள். மூன்றாவது டீச்சரிடம் முழு ஆண்டுக் கட்டணத்தை மட்டும் முன்கூட்டியே கட்டிவிடாதீர்கள்.