முசே தர்னியேவின் கோழிப்பெட்டி

புதுச்சேரி முத்தியால்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் நின்று, பிரெஞ்சுக்காரன் என்னத்தைத் தந்துவிட்டுப் போனான் என்று கேட்டுப் பாருங்கள். நேர்நேரான தெரு, பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா பென்ஷன், போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி என்று அடுக்குவார்கள். கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியில் பிள்ளையைப் போட்டுப் பிழைக்க வைத்த முசே ஸ்தெஃபான் தர்னியேவை எவரும் சொல்ல மாட்டார்கள்.

தர்னியே (1828–1897) பாரீஸ் மத்தெர்னித்தே ஆஸ்பத்திரியின் பிரசவ டாக்டர். பிரசவ ஜன்னி தொற்றுநோய் என்று 1857-லேயே எழுதி, பெரிய டாக்டர்களின் முகத்தைச் சுளிக்க வைத்தவர். 1871-ல் ஜெர்மானியரிடம் உதைபட்ட பிரான்சுக்கு அப்போது ஒரே கவலை: பட்டாளத்துக்கு ஆள் வேண்டும், ஊரிலோ பிள்ளை பிறப்பது குறைவு. பிறந்ததையாவது காப்பாற்றலாமே!

1878-ல் முசே மிருகக்காட்சிசாலைக்குப் போனார். மற்றவர்கள் யானையைப் பார்த்தார்கள். இவர் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்தார். அதைச் செய்த ஒதில் மார்த்தேனைப் பிடித்து, "பிள்ளைக்கும் ஒன்று செய்" என்றார். 1880-ல் பெட்டி வந்தது. இரட்டைச் சுவர் மரப்பெட்டி, நடுவே மரத்தூள். கீழே வெந்நீர்த் தொட்டி, மேலே கண்ணாடி மூடி. கீழே நுழைந்த காற்று சூடாகி மேலே ஏறும். அங்கே நாலைந்து குறைமாசப் பிள்ளைகள் ஒன்றாகப் படுத்திருக்கும், ஷேர் ஆட்டோவில் போல. இரண்டு கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 66 செத்தது 38 ஆனது. பால் குடிக்கத் தெம்பில்லாததுக்குக் குழாய் வழியே ஊட்டினார்.

பிறகு வியாபாரம் புகுந்தது. 1896-ல் பெர்லின் கண்காட்சியில் பிள்ளைகளைப் பெட்டியோடு காட்டிக் காசு பார்த்தார்கள். டாக்டர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட மார்ட்டின் கூனி, 1903 முதல் 40 வருஷம் நியூயார்க் கோனித் தீவுப் பொருட்காட்சியில் அதே வேலையைச் செய்தார். வேடிக்கை பார்க்க டிக்கெட். பெற்றவர்களிடம் சல்லிக்காசு வாங்கவில்லை. ஆஸ்பத்திரிகள் கைவிட்டதைத் திருவிழாக்காரர் காப்பாற்றினார்!

தர்னியே கோழியைப் பார்த்து நூறு வருஷம் கழித்து, 1978-ல், கொலம்பியாவின் பொகோட்டாவில் பெட்டிகள் போதவில்லை. டாக்டர் எட்கர் ரே, தாயின் வெற்று நெஞ்சிலேயே பிள்ளையைக் கட்டிவிட்டார். பெயர் கங்காரு முறை; மறுபடியும் மிருகக்காட்சிசாலைதான். தினம் 8 முதல் 24 மணி நேரம் அப்படி அணைத்திருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அடுத்த முறை குறைமாசப் பிள்ளை பார்க்கப் போனால், ஹார்லிக்ஸைக் கொடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, சும்மா நிற்கும் அப்பனையும் சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். ஆம்பளை நெஞ்சும் அடைகாக்கும்.