பாண்டிமோனியம் உயர்மன்றத்துக்கு ஒரு குட்டிப் பேயின் மனு

பெறுநர்: உயர்மன்றச் செயலகம், பாண்டிமோனியம், நரகம்.
பொருள்: பொதுக்குழுவில் உறுப்பினர்களின் உருவத்தைச் சுருக்கியது – ஆட்சேபம் தெரிவித்தல்.

ஐயா,

மேலுலகக் கலகத்தில் தலைவர் சாத்தான் பின்னால் மூன்றில் ஒரு பங்குப் பேர் வந்தார்கள் என்று பெருமையாகச் சொல்வீர்களே, அந்தப் பங்கில் நானும் ஒரு தலை. பதவி, பட்டம் எதுவும் கிடையாது. ஒன்பது நாள் கீழே விழுந்துகொண்டிருந்தேன். இன்னொரு ஒன்பது நாள் நெருப்பேரியில் நினைவில்லாமல் கிடந்தேன். அதற்கெல்லாம் புகார் இல்லை. தோற்ற கட்சியின் தொண்டனுக்கு அதைவிட என்ன கிடைத்துவிடும்?

என் புகார் மண்டபத்தைப் பற்றியது. மலையைக் குடைந்து பொன்னை எடுத்தவர்கள் நாங்கள். மேற்பார்வை மம்மோன் ஐயா. (மேலுலகத்தில் இருந்தபோதே பொன் பதித்த தரையைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்காதவர்; துறை சரியான கைக்குத்தான் போயிருக்கிறது.) உருக்கினோம், வார்த்தோம், முல்சிபரின் கைவண்ணம் என்று ஊரே புகழ்ந்தது. வெளியே இத்தனை நெருப்பு எரிந்தும் எங்களுக்குப் பொட்டு வெளிச்சம் கிடையாது. மண்டபத்துக்குள் மட்டும் விதானத்திலிருந்து வரிசை வரிசையாக நாஃப்தா விளக்குகள்.

பொதுக்குழு என்று எக்காளம் ஊதினீர்கள், வந்தோம். வாசலில், தாழ்வாரத்தில், தலைக்கு மேலே காற்றில் என்று எங்கும் இடமில்லை. சிறகோடு சிறகு உரசுகிறது. மண்டபத்தை அகலப்படுத்துவீர்கள் என்று பார்த்தால், ஒரே சைகையில் எங்களைச் சிறுசாக்கிவிட்டீர்கள். மலைபோல் நின்றவன் குள்ளனிலும் குள்ளனானேன். இடம் தாராளமாகக் கிடைத்தது. அத்தனை பேரும் உள்ளேதான் இருந்தார்கள் என்று அறிவிக்கவும் வசதி. கட்சிக்காக உடம்பு கொஞ்சம் குறைந்தால் என்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது: உள்ளே தள்ளி, தனியாக, பெரியவர்கள் ஆயிரம் பேர் பொன் இருக்கைகளில் உட்கார்ந்து ரகசியக் கூட்டம் போட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை.

ரகசியக் கூட்டம் உனக்கெப்படித் தெரிந்தது என்று விசாரணைக் குழு போட வேண்டாம். ஜான் மில்டன் என்ற லண்டன்காரர் கூட்ட நடவடிக்கை முழுவதையும் 1667-இல் அச்சேற்றிவிட்டார். குரோம்வெல் ஆட்சியில் அயல்மொழிச் செயலாளராக வேலை பார்த்தவர். மன்றங்கள் எப்படி முடிவெடுக்கும் என்று அருகிருந்து பார்த்தவர். 1660-இல் மன்னராட்சி திரும்பி அவர் கட்சி மண்ணைக் கவ்வியது. கண்பார்வை அதற்கு முன்பே போய்விட்டது. சொல்லச் சொல்லப் பிறர் எழுத, ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தை முடித்து, ஐந்து பவுண்டு முன்பணத்துக்குப் பதிப்பாளரிடம் கொடுத்தார். தோற்ற கட்சியின் உள்விவகாரம் இன்னொரு தோற்ற கட்சிக்காரருக்குத்தானே புரியும்.

அவர் எழுதியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஓர்முஸின் செல்வத்தையும் இந்தியாவின் செல்வத்தையும் மிஞ்சிய சிம்மாசனத்தில் இருந்துகொண்டு, இந்த இடத்துக்கு யாரும் ஆசைப்பட மாட்டீர்கள், முதல் அடி விழுவது எனக்குத்தான் என்கிறார் தலைவர். மோளேகு, நேரடிப் போர் என்று கர்ஜிக்கிறார். பேலியாள், அசையாமல் இருந்தால் வலி தானாகக் குறையலாம் என்று தேனொழுகச் சொல்கிறார். மம்மோன், இங்கேயே நமக்கொரு ராஜ்ஜியம் கட்டுவோம் என்கிறார். சபையில் ஒரே கரவொலி. நானும் உள்ளே இருந்திருந்தால் அவருக்குத்தான் கைதட்டியிருப்பேன்.

கைதட்டல் அடங்குவதற்குள் பெயெல்செபூல் எழுந்து, புதிதாக ஓர் உலகம் உண்டாகிறதாம், அதில் குடியேறும் மனிதரைக் கெடுப்போம் என்று தீர்மானம் கொண்டுவர, அது அமோகமாக நிறைவேறியது. அந்த யோசனை தலைவருடையது. அவர் வாயால் வராமல் இன்னொருவர் வாயால் வந்தது, அவ்வளவுதான். யார் போவது என்ற கேள்விக்குச் சபை தலையைக் குனிந்தது. நானே போகிறேன் என்றார் தலைவர். சொன்ன கையோடு எழுந்துவிட்டார். தாமதித்தால் நானும் வருகிறேன் என்று நாலு பேர் சும்மாவாவது சொல்லிப் பெயர் வாங்கிவிடுவார்களே! எங்களுக்கு முடிவு மட்டும் நான்கு திசையிலும் ஊதி அறிவிக்கப்பட்டது. நாங்களும் ஆரவாரம் செய்தோம்.

தலைவர் கிளம்பியதும் எங்களுக்கு விடுமுறை. சிலர் பந்தயம் ஓடினார்கள். சிலர் தங்கள் தோல்வியையே வீரகாவியமாகப் பாடினார்கள். சிலர் குன்றின்மேல் உட்கார்ந்து விதியா மதியா என்று வாதாடி, வழி தெரியாமல் போனார்கள். நான் நாடு பார்க்கப் போன கோஷ்டியோடு சேர்ந்துகொண்டேன்.

ஸ்டிக்ஸ், ஆக்கெரான், கோசைட்டஸ், பிளெகெதான் என்று நான்கு ஆறுகள் அந்த நெருப்பேரியில் கலக்கின்றன. அவற்றுக்கு வெகு தொலைவில் மறதி ஆறான லீதி. அதற்கு அப்பால் பனி உறைந்த ஒரு பெருநிலம்: சூறாவளி, ஆலங்கட்டி, நெருப்பைப்போலவே சுடுகிற குளிர். தண்டனை பெற்றவர்களை முறை வைத்து நெருப்பிலிருந்து பனிக்கும், பனியிலிருந்து நெருப்புக்கும் படகில் மாற்றுகிறார்கள். நடுவில் லீதியில் ஒரு சொட்டுக் குடித்தால் எல்லாம் மறந்துபோகும். குனிந்தால் தண்ணீர் விலகுகிறது. துறையில் மெடூசா காவல். சொந்த நாட்டில் பாதி எங்கே இருக்கிறது என்றே தெரியாத உயர்மன்றம், அடுத்தவன் உலகத்தைப் பிடிக்கத் தீர்மானம் போட்டிருக்கிறது.

நரக வாசலின் நிர்வாகத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மடிப்பு வெண்கலம், மூன்று இரும்பு, மூன்று வைரப்பாறை. சாவி யாரிடம்? பாவம் என்னும் அம்மையாரிடம். தலைவரின் மகள். துணைக்கு மரணம், தலைவரின் மகன். (அவர்களுக்குள் உறவுமுறையை விரித்துச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.) தலைவருக்காகத் திறந்த கதவை அம்மையாரால் மறுபடி மூட முடியவில்லை. அதற்கு விளக்கம் கேட்கப்படவும் இல்லை. பூமிவரை பாலம் போட்டது அந்த இருவர். பூமிக்குப் பொறுப்பாளர்களாக நியமனம் பெற்றதும் அந்த இருவர். பொன் தோண்டிய எங்களில் ஒருவன் பெயர்கூடப் பட்டியலில் இல்லை.

தலைவர் வெற்றியோடு திரும்பினார். சாதாரணத் தொண்டன் வேடத்தில் மண்டபத்துக்குள் நுழைந்து, சிம்மாசனத்தில் ஏறி, திடீரென்று காட்சி கொடுத்தார். உரை முடிந்து கைதட்டலுக்காக நின்றபோது வந்தது சீறல். அத்தனை பேரும் பாம்பாகியிருந்தோம். மேலிடத்துக் கட்டளை, தலைவரும் தப்பவில்லை. இப்போதாவது எல்லோரும் ஒரே அளவாயிற்றே என்று சுற்றிப் பார்த்தேன். நாங்கள் வெறும் பாம்புகள். அவர் நடுவில், எல்லோரையும்விடப் பெரிய மலைப்பாம்பு.

ஆகவே வேண்டுகிறேன். உள்ளறை நடவடிக்கைக் குறிப்பை நாங்களும் பார்க்கும்படி வெளியே ஒட்டுங்கள். சாவியையும் பாலத்தையும் பற்றிப் பொதுக்குழுவில் பேச நேரம் ஒதுக்குங்கள். அடுத்த கூட்டத்துக்கு இடம் போதாவிட்டால், சுருங்கும் வேலையை இந்த முறை பொன் இருக்கைகளிலிருந்து தொடங்குங்கள்.

கையெழுத்துப் போடவில்லை என்று மனுவைத் தள்ளிவிடாதீர்கள். கலகம் செய்தவர்களின் பெயர்களை மேலுலகப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டார்கள்; கீழே எங்களுக்கு இன்னும் பெயர் கொடுக்கப்படவில்லை.