திருகோணமலை மத்திய வீதிக் கடைகளின் காலப் பகுப்பு: ஆறாம் பலகையை முன்வைத்து ஒரு பூர்வாங்க நோக்கு

ஒரு தெருவில் எந்தக் கடை எப்போது வேறு கடையாக மாறியது என்ற வினாவை நம் ஆய்வுலகம் இதுவரை எழுப்பவில்லை. அதற்குத் தக்க காரணம் உண்டு. பதில் தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். தேத்தண்ணிக் கடை வாங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிழையாக எழுதினால் சேட்டைப் பிடித்து இழுத்துத் திருத்துவார்கள். ஆய்வாளருக்கு இதைவிட இடைஞ்சல் வேறென்ன? ஆயிரம் வருடத்துக்கு முந்தியவர்கள் எழுந்து வந்து திருத்துவதில்லை. ஆகவே ஆய்வாளர் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகிறார்.

இக்குறை நீக்கும் முகமாக, சாம்பல்தீவிலிருந்து பட்டினத்துக்குச் சாமான் வாங்க வந்துபோகும் இக்கட்டுரையாளர் இம்முயற்சியில் இறங்கினார். ஆய்வுப் பரப்பு மத்திய வீதி. தேவைப்படும் இடத்தில் என்.சி. வீதியும், வெயில் ஏறிய பின் மணிக்கூட்டுக் கோபுரத்தடி நிழலும் சேர்த்துக்கொள்ளப்படும். சான்றுகள் மூவகைப்படும்: கேள்வி, பெயர்ப்பலகை, தூண். இவற்றுள் தூணே நம்பத்தக்கது. ஏனெனில் பூச்சுக்கு மேல் பூச்சாக எல்லாவற்றையும் வைத்திருக்கிறது, ஒன்றையும் விளக்க முற்படுவதில்லை (காண்க: மேற்படி தூண், கிழக்குப் பக்கம், மூன்றாம் பூச்சு).

இவ்வூர் மக்கள் வழி சொல்வது பெரும்பாலும் இல்லாத கடையை வைத்துத்தான். “முந்தி வீடியோக் கடை இருந்ததெல்லோ, அதுக்கு அங்கால” என்பார்கள். கேட்பவர் பிறப்பதற்கு முன்பே வீடியோக் கடை போயிருந்தாலும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேருவார். பெரியகடை என்று பட்டினத்தில் ஒரு பகுதியே இருக்கிறது. அந்தப் பெரிய கடை எது என்று கேட்டவருமில்லை, அது தெரியாததால் வழி தவறியவருமில்லை.

கைமாற்றத்தின் தோற்றுவாயைக் கோட்டையில் தேடுவதே முறை. கோணேசர் கோயிலை இடித்த கல்லில் போர்த்துக்கேயர் கட்டிய கட்டடம் அது. 1639இல் ஒல்லாந்தர் எடுத்தார்கள். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள். அதே வருடம் ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர் வந்து அவர்களை எழுப்பிவிட்டார்கள். சமாதானம் பேசி முடிந்ததும் திறப்பு திரும்ப ஒல்லாந்தர் கைக்கு வந்தது. 1795இல் மறுபடியும் ஆங்கிலேயர். 1803இல் பிரெட்ரிக் கோட்டை என்று புதுப் பெயர். ஒரே வருடத்தில் மூன்று முதலாளிமாரைப் பார்த்த கட்டடம் இது. மத்திய வீதியில் பழச்சாற்றுக் கடைகூட இந்த வேகத்தில் மாறியதில்லை.

அது மட்டுமா? அடுத்து யார் யார் வருவார் என்ற வரிசையையே முன்கூட்டிச் சொல்வதாகக் கருதப்படும் கல் அந்த வாசலில் இருக்கிறது. இணைக்கயல் செதுக்கிய வாசல் அது. எழுத்துகள் தேய்ந்துவிட்டன. தேய்ந்த எழுத்துகளை அறிஞர்கள் ஆளுக்கொரு விதமாக நிரப்பியிருக்கிறார்கள். ஒருவர் நிரப்பியது மற்றவருக்குச் சமிக்கவில்லை. தேயாத எழுத்துகளில் கருத்து வேறுபாட்டுக்கு இடம் குறைவு. ஆகையால் அவற்றை யாரும் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

1957 ஒக்டோபரில் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். வெள்ளைச் சீருடை தைத்த கை அதன்பின் பள்ளிக்கூடக் காற்சட்டைக்குத் திரும்பியது என்பர் ஒரு சாரார் (சலூன், இடப்பக்கக் கதிரை, வாய்மொழி, சவரக் கத்தி கழுத்தில் இருந்தமையால் குறுக்குக் கேள்வி கேட்க இயலவில்லை). 1982இல் ரூபவாகினி வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வீடியோ கசற் வந்தது. போயும்விட்டது.

அடுத்து வந்த கொமியுனிக்கேஷன் யுகம் சற்று நின்று நோக்கற்பாலது. ஒரு ஆள் நிற்கக் கூடிய பலகை அறை, கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு தொலைபேசி. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ‘கோல்’ வரும் என்று சொன்ன நேரத்துக்கு முன்பே குடும்பம் வந்து வாங்கில் இருக்கும். தாய் உள்ளே போவாள். அவள் அழுவது கண்ணாடியில் தெரியும், கேட்காது. நாங்கள் எடுக்கிற கோல் என்றால் வெளியே நிற்பவரின் கண் மீற்றரிலேயே இருக்கும். கைத்தொலைபேசி பரவியதும் அந்த அறைக்குள் போட்டோகொப்பி மெஷின் ஏறியது. பிறகு லமினேற்றிங். பிறகு ரீலோட். பிறகு உடைந்த கண்ணாடி மாற்றுதல். 2022 யூலையில் பெற்றோலுக்குக் கியூஆர் வந்தபோது ஊர் முழுக்க அதை அச்சடிக்க வந்து நின்றதும் இதே வாசலில்தான். மேலே பலகையில் இன்றைக்கும் கொமியுனிக்கேஷன் என்றே இருக்கிறது, கீழே மூன்று நாட்டுக் கொடியும் ஐ.டி.டி. என்ற எழுத்தும் வெயிலில் வெளிறியபடி. அந்தச் சேவை கேட்டு யாராவது போனால் கடைக்காரப் பொடியன் சிரிப்பான்.

2004 டிசம்பர் 26இன் பின் வந்தது பெயர்ப்பலகைக் காலம். சாம்பல்தீவு, சல்லிப் பக்கம் கடல் கொண்டுபோனவற்றுள் பெயர்ப்பலகை குறைவு. அதன்பின் வந்து சேர்ந்தவற்றுள் பெயர்ப்பலகையே அதிகம். பலகை நட்ட நிறுவனங்கள் போய்விட்டன. தகரம் நல்ல தகரம், ஆகவே கோழிக்கூட்டுக் கூரையாகத் தொடர்ந்து சேவையாற்றுகிறது. 2009க்குப் பின் உப்புவெளியில் தோணி கிடந்த முற்றங்கள் சுழியோடிகளுக்கும் புறாத்தீவுப் படகுக்குமாக மாறின. இது சுற்றுலாத்துறை அறிஞர்களின் பரப்பு, அவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

ஏனைய வகைகள்:

மருந்துக்கடை: மாறவில்லை.

சலூன்: கண்ணாடி மாறியது.

நகைக்கடை: வாங்கியதை அடுத்த கதவில் அடகு வைக்கலாம்.

புடவைக்கடை: வருடம் முழுதும் மலிவு விற்பனை. எத்தனை வீதம் என்பதை உறுதிப்படுத்த முடியவில்லை (சுவரொட்டி, கோட்டை வாசலுக்கு அண்மையில், கீழ்ப்பாதியைப் புள்ளிமான் தின்றுவிட்டது. கோட்டையிலும் பட்டினத்திலும் திரியும் இம்மான்கள் மேற்கோள் காட்டாமல் மூல ஆவணங்களை உட்கொள்கின்றன, இப்பழக்கம் பல்கலைக்கழக மரபுக்கு முற்றிலும் புறம்பானதன்று).

இனி ஆய்வின் மையப் பொருள்.

ஷட்டர் வருமுன் கடைகளுக்குப் பலகைக் கதவு. வாசற்படியில் ஒரு காடி, மேலே உத்தரத்தில் ஒரு காடி. ஒரு முனையிலுள்ள வெட்டு வழியாகப் பலகைகளை ஒவ்வொன்றாக நுழைத்துத் தள்ளிக்கொண்டு போய், கடைசியில் குறுக்கே இரும்புச் சட்டம் போட்டுப் பூட்டுவார்கள். வருடக்கணக்கில் மழையும் வெயிலும் பட்டு ஒவ்வொரு பலகையும் தன் அயல் பலகையோடு மட்டுமே பொருந்தும்படி வளைந்திருக்கும். ஆகையால் இலக்கம் எழுதி வைப்பார்கள். மத்திய வீதியில் இவ்வகைக் கதவோடு எஞ்சியிருக்கும் கடையொன்றில் பலகை பத்து. ஒன்று தொலைந்து, அந்த இடத்தில் தொலைபேசிக் கம்பனி விளம்பரத்திலிருந்து வெட்டிய பிளைவூட் நிற்கிறது. எஞ்சிய ஒன்பதில் எட்டின் இலக்கம் ஐயத்துக்கு இடமற்றது. ஒன்பதாவதில் ஒரு சுழி இருக்கிறது. நேரே பிடித்தால் ஆறு. தலைகீழாகப் பிடித்தால் ஒன்பது. பலகைக்கோ மேல் கீழ் தெரியவில்லை.

ஆறு என்போர் தூரிகை தொடங்கிய இடத்தின் தடிப்பைக் காட்டினர். ஒன்பது என்போர் கறையானைச் சாட்சிக்கு அழைத்தனர்: கறையான் நிலத்திலிருந்து ஏறுவது, எனவே அரிபட்ட முனை கீழ்முனை, எனவே ஒன்பது. ஒரு மாரிக்குப் பலகை தலைகீழாகச் சாத்தி வைக்கப்பட்டிருக்கலாமே என்று ஆறாம் கட்சி மறுத்தது. எந்த மாரி என்று ஒன்பதாம் கட்சி கேட்டது. இவ்வாறு வாதம் மாரிகளின் வரலாற்றுக்குள் போய் நீண்ட காலம் வெளியே வரவில்லை.

அப்போது மூன்றாமவர் எழுந்து, இது எண்ணே அன்று, பிள்ளையார் சுழி, ஆதலால் கடையின் ஆதி உரிமையாளர் சைவர் என்று நிறுவினார். நான்காமவர் அதை அரபு வாவ் என்று வாசித்தார். ஐந்தாமவர் சிங்கள ரகரத்தின் பழைய வடிவம் என்றார். ஆளுக்கொரு பரம்பரைக்குக் கடையை எழுதிக்கொடுத்தார்களே தவிர, நிலுவை வாடகையை எந்தப் பரம்பரை கட்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. (மறுப்புக்குக் காண்க: கடன் கொப்பி, எண்ணெய் பட்ட பக்கம், முதலாளி எழுதிய ஆறும் ஒன்பதும் அங்கே ஒன்றுபோலவே இருப்பதால் கடன் வாங்கியோர் ஆறு என்றும் முதலாளி ஒன்பது என்றும் வாசிக்கின்றனர், இரு வாசிப்புக்கும் இடைப்பட்ட தொகை இன்றுவரை வசூலாகவில்லை, பக்கத்தின் மறுபுறம் தேங்காய்ப்பூ ஒட்டியுள்ளது, அது தனி ஆய்வுக்குரியது.)

இறுதியில், முறையியலுக்கு மாறானது என்று தெரிந்தும், இக்கட்டுரையாளர் பலகையைத் தினமும் தூக்கும் பொடியனிடமே கேட்டார்.

“தம்பி, இது ஆறா ஒன்பதா?”

“அது எங்க போட்டாலும் இறுகும் ஐயா. காலால உதைச்சுத்தான் பூட்டுறனான்.”

தகவலாளி ஆய்வுப் பொருளோடு நேரடித் தொடர்புடையவர், ஆகவே நடுநிலையற்றவர் எனக் கருதி இக்கூற்று தள்ளப்பட்டது.

கடைக்கு ஷட்டர் போடப்போவதாக முதலாளி அறிவித்ததும் ஐந்து கட்சியினரும் வாசலில் கூடினர். பலகையைப் பாதுகாப்பதற்காகத் தமக்கே அளிக்க வேண்டும் என்று தனித்தனியே கேட்டனர். முதலாளி பலகையை விரலால் தட்டிக் காட்டினார்.

“முதிரை ஐயா. சும்மா தர ஏலாது. அடிக் கணக்கிலதான் குடுப்பன்.”

விலையையும் சொன்னார். கேட்ட மாத்திரத்தில் ஐந்து கட்சியும் முதன்முறையாக ஒருமனப்பட்டு, அப்பலகை இடைச்செருகல் என்ற முடிவுக்கு வந்தன.