தலைப்பொங்கலும் ஒரு கூடை பாதாமும்

மருமவனே, நீ போனை வச்ச கையோட ஒங்க அத்தை கேட்டா, "பிள்ளை என்ன சொல்லுதான்?" "தங்கச்சிக்குத் தலைப்பொங்கப்படி என்ன வாங்கன்னு கேக்குதான்"ன்னேன். அவ அரிவாமணையில இருந்து தலையைத் தூக்காமலே சொன்னா, "பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கையில கேட்டா, பத்து நாள்ல கிடைக்கதைச் சொல்லுங்க." அவ எதையும் ஒரே வெட்டா வெட்டிருவா. எனக்குச் சுத்தி வளைச்சுச் சொன்னாத்தான் சோறு செமிக்கும். அதனால வாட்ஸப்புல பேசியே அனுப்புதேன். ஒண்ணரை மடங்கு வேகத்துல ஓடவிடாம, நடக்குத வேகத்துல கேளு.

நெல்லை எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் எடுக்க 60 நாளுக்கு முந்தியே, காலையில எட்டு மணிக்கு விரலை போன் மேல வச்சு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தேன்னு சொன்னேல்லா. முன்ன 120 நாளா இருந்ததை 2024 நவம்பர்லருந்து பாதியாக் குறைச்சுட்டாவளாம், அதுல ஒனக்கு அம்புட்டு வருத்தம். ரயிலுக்கு 60 நாள், கூடப் பொறந்தவளுக்குப் பத்து நாள். சரி, ரயிலாவது நின்னு ஏத்திக்கிடும், தங்கச்சி எங்க போயிரப் போறான்னு நினைச்சிருப்ப.

அப்புறம் அந்தப் படத்தை அனுப்பின பாரு. மூங்கில் கூடை, மேல பளபளன்னு கண்ணாடித்தாள், உள்ள பாதாம், பிஸ்தா, ஏதோ சிவப்பா காஞ்ச பழம், நடுவுல வாசனை மெழுகுவர்த்தி. ஏலே, நம்மூர்ல மெழுகுவர்த்தி ஏத்துதது கரண்டு போனா மட்டுந்தான். அதைத் தலைப்பொங்கலுக்குச் சம்பந்தி வீட்டுக்குக் கொண்டு போனா, "நாங்க கரண்டு பில்லு கட்டலைன்னு இவியகிட்ட எவம்ல சொன்னான்?"னு கேட்டுருவாவ. பாதாமை நான் குறை சொல்லல. நல்ல பண்டம். ஆனா அதை எவன் வேணும்னாலும் எவனுக்கு வேணும்னாலும் குடுக்கலாம். ஒனக்கு ஒன் ஆபீசுல குடுத்தாவல்லா, ஒன் பேரு தெரியாமலே? அதே கூடைதான இது?

படின்னா என்னன்னு ஒங்கப்பா இருந்தா நீ கேட்டிருக்கவே மாட்ட. ஒங்கம்மைக்கு நானும் எங்கப்பாவும் கொண்டு போனதைச் சொல்லுதேன். ஒரு வெண்கலப் பானை, அதுல பச்சரிசி. நார்ப்பெட்டியில கருப்பட்டி, தேங்கா. சாக்குல காய்கறி: சேனை, சேம்பு, பிடிகிழங்கு, சிறுகிழங்கு, பூசணி, அவரைக்கா. தோள்ல வாழைத்தார். ஒரு கட்டு மஞ்சக்குலை, இலையும் கிழங்கும் மண்ணுமா, அப்பத்தான் பிடுங்கினது. புது வீட்டுல பிள்ளை முதல் பொங்கல் விடும்போது, பானையும் அரிசியும் அதுல கட்டுத மஞ்சளும் பொறந்த வீட்டுது. மாமியா வீட்டுப் பானையில பொங்கினா அது மாமியா பொங்கல். ஒங்கம்மை பானை பொங்கினப்ப அழுதுக்கிட்டே குலவை போட்டா. புகை கண்ணுல பட்டுட்டுன்னு சொன்னா. நாங்களும் நம்பினோம், எங்க கண்ணுலயும் புகைதான்.

இதுல ஒரு கசப்பும் உண்டு, மறைக்க மாட்டேன். சில இடத்துல இப்பப் படிங்கிறது பட்டியலாயிட்டு. கட்டில், பிரிட்ஜு, வண்டின்னு மாப்ள வீட்டுல எழுதியே குடுத்துவிடுதாவ. எழுதிக் குடுத்து வாங்கினா அதுக்குப் பேரு படி இல்ல, பில்லு. ஒந்தங்கச்சி மாமியா அப்பிடி ஒண்ணும் கேக்கல. அதுக்காகவே அந்த மனுசிக்கு ஒரு சீப்பு பழம் கூட வை.

பானையைப் பத்திக் கவலைப்படாத. தாய்மாமன் முறைக்கு அது என் சோலி, கார்த்திகையிலேயே வாங்கிப் பரண்ல போட்டாச்சு. ஒஞ்சோலி மிச்சம்.

முதல்ல கரும்பு. பெட்டியில அடங்கணும்னு துண்டு போட்டுக் கொண்டு போயிராத. சித்திரை வைகாசியில நட்டு, தோகை உரிச்சு உரிச்சு, சாயாமக் கட்டி நிறுத்தி, மார்கழி கடைசி வரைக்கும் ஒரு மனுசன் அது கூடவே நிக்கான். அதைக் கணுக்கணுவா வெட்டி பாலிதீன்ல போட்டு, குளிர்பெட்டியில அடுக்கி விக்கான் ஒங்க பட்டணத்துல. சர்க்காரே ரேஷன் கடையில முழுக்கரும்பு குடுக்கு, ஆறடிக்குக் குறையப்படாதுன்னு அளவு சொல்லி வாங்கியிருக்கு. நீ மாசச் சம்பளக்காரன், கட்டு ஒண்ணு, 20 கரும்பு, தோகையோட வாங்கு. காருக்குள்ள நுழையாது. நுழையப்படாது. மச்சான் மோட்டார் சைக்கிள்ல பின்னால உக்காந்து, தோகை ரோட்டைக் கூட்டிக்கிட்டே வர, ஒந்தங்கச்சி வாக்கப்பட்ட கல்லிடைக்குறிச்சி கடைத்தெரு வழியாப் போ. "யாரு வீட்டுக்குடே படி?"ன்னு நாலு பேரு கேக்கணும். நீ நின்னு பதில் சொல்லணும். குடுக்குததுல பாதி வீட்டுக்குள்ள போகுது, பாதி தெருவுல போகுது. இந்தக் கணக்கு ஒன் கண்ணாடித்தாள் கூடைக்காரனுக்குத் தெரியாது.

ரெண்டாவது பனங்கிழங்கு. ஒங்க தங்கச்சி சின்னதுல இதுக்கு எம்புட்டு அடிச்சுக்கிடுவான்னு ஒனக்கு ஞாபகம் இருக்காடே? பழம் விழுந்த காலத்துல கொட்டையைப் பொறுக்கிப் பாத்தியில அடுக்கி மண்ணைப் போட்டு மறந்துரணும். மார்கழி பொறக்கையில தோண்டினா, மண்ணுக்குள்ள வெள்ளை வெளேர்னு விரல் விரலா நிக்கும். மஞ்சளும் உப்பும் போட்டு அவிச்சு, நாரை உரிச்சு, நடுவுல இருக்க பீலியை எடுத்துட்டு ஒடிச்சுத் திங்கணும். அவ கிழங்கை ஒனக்குத் தள்ளிட்டு, கொட்டையை வெட்டி உள்ள இருக்க தவுணைத் தோண்டித் திம்பா. கல்யாணமாகி எட்டு மாசத்துல அவளுக்கு எவன் தவுண் வெட்டிக் குடுத்திருப்பான்? பத்துக் கொட்டை தனியா எடுத்து வை. அதோட விலை பூச்சியம். பாதாம் கூடையைப் பாத்து "தேங்க்ஸ்ணா"ம்பா. இதைப் பாத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா, பறிச்சுக்கிட்டு அடுக்களைக்கு ஓடுவா.

பாத்திரம் எதுவும் வாங்குததா இருந்தா பேரு வெட்டி வாங்கு. இதை நீ பட்டிக்காட்டுத்தனம்னு நினைக்க, எனக்குத் தெரியும். ஏலே, பேரு வெட்டுததுல இருக்க சூட்சுமமே, வாங்கினவன் அதை இன்னொருத்தன் கல்யாணத்துல தள்ளிவிட முடியாது. இப்ப சுவர்க் கடிகாரமும் ஹாட்பாக்ஸும் ஊர் ஊராச் சுத்துதேல்லா, அட்டைப்பெட்டி பிரியாமலே? அதுக்குப் பேரு இல்லாததுதான் காரணம்.

எங்க வீட்டுல பால் வாங்குத தூக்குவாளியை நீ பாத்திருப்ப. ஒங்க அத்தை சடங்குக்கு வந்த வாளியில்ல அது, எம்மவ காதுகுத்துக்கு வடக்கு வயக்காரர் வச்சது. கடையில பேரு வெட்டினவன் டிர்ர்ருன்னு புள்ளி வச்சுக்கிட்டே போயி, 'ளி' போட வேண்டிய இடத்துல 'ழி' போட்டுட்டான். 'அன்பழிப்பு'. அன்னைக்கு ரெண்டு வீடும் சிரிச்சோம். அடுத்த வருசம் வரப்புத் தகராறு வந்தது. அப்பத்தான் தெரிஞ்சது, வெட்டினவனுக்கு எழுத்துதான் தெரியல, ஜோசியம் நல்லாத் தெரிஞ்சிருக்குன்னு. இருபது வருசத்துக்கு மேலாச்சு, முகம் பாத்துப் பேசினது கிடையாது. ஆனா தினமும் விடியக்காலம் அவரு பேரைக் கையில தூக்கிக்கிட்டுத்தான் பாலுக்குப் போறேன். போன தைப்பொங்கலன்னைக்கு அவரு பேத்தி விளையாட வந்தவ, எழுத்துக் கூட்டி வாசிச்சுட்டுக் கேட்டா, "எங்க தாத்தா வாளி ஏன் இங்க இருக்கு?" நான் வெத்தலைச் செல்லத்தைத் தேடுத மாதிரி திரும்பிக்கிட்டேன். ஒங்க அத்தை சக்கரைப் பொங்கலை அந்த வாளியிலயே போட்டுக் குடுத்துவிட்டா. சாயந்தரம் வாளி திரும்பி வந்தது. வெறும் வாளியாத் திருப்பி அனுப்பினா நம்மூர்ல குத்தம்லா? உள்ள நாலு பனங்கிழங்கு. இன்னும் நாங்க பேசல. வாளி மட்டும் போயிட்டு வந்துக்கிட்டு இருக்கு.

அதனால பேரு வெட்டு. எழுத்தைச் சரியாப் பாத்து வெட்டச் சொல்லு.

போற வழிதான பத்தமடை, அங்க ஒரு பாய் பாரு. ஆத்தங்கரைக் கோரையைக் காயப்போட்டு, தண்ணியில ஊறப்போட்டு, நரம்பு நரம்பாக் கிழிச்சு நெய்யுத பாய். நல்ல பாயை மடிச்சா துணி மாதிரி மடியும். கல்யாணப் பாயில பொண்ணு மாப்ள பேரை நெய்தே குடுப்பாவ. அதுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கணும். பத்து நாள்ல கேட்டா இனிஷியல்கூட ஏறாது. பேரில்லாத பாயா வாங்கிக் குடு, பேரு போட்டதை அடுத்த வருசத்துக்கு இப்பமே சொல்லி வை. ரயில் டிக்கெட்டை நினைச்சுக்கோ.

எல்லாத்தையும் மஞ்சப்பையில போட்டுக் கொண்டு போ. முன்ன மஞ்சப்பையோட பஸ்ஸுல ஏறினா கண்டக்டர்கூட எகத்தாளமாப் பாப்பான். 2019 ஜனவரி ஒண்ணாந்தேதி பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது, 2021 டிசம்பர்ல 'மீண்டும் மஞ்சப்பை'ன்னு சர்க்காரே திட்டம் போட்டது. நான் எந்தத் திட்டமும் இல்லாம ஐம்பது வருசமா அதைத்தான் தூக்கிக்கிட்டு அலையுதேன். எனக்கு ஒரு சால்வையும் போடல.

வாழ்த்தைப் பத்தி ஒரு வார்த்தை. போன வருசம் நீ எனக்கு அனுப்பின பொங்கப்பானைப் படத்துக்கு அடியில வேற எவனோ கடைக்காரன் பேரு இருந்தது. முன்ன எல்லாம் அட்டை வாங்கி, கவரை ஒட்டாம 'புக் போஸ்ட்'டுன்னு எழுதிப் போடுவோம், தபால் செலவு கம்மி. ஒங்க சின்ன மாமன் எம்.ஜி.ஆர் படம் போட்ட அட்டையை சிவாஜி ரசிகனுக்கு அனுப்பி, அவன் பதிலுக்கு சிவாஜி படம் அனுப்பி, ரெண்டு வருசம் தபால்லயே சண்டை நடந்தது. சண்டைதான், ஆனா ஒவ்வொரு அட்டையையும் அவன் கடையில நின்னு பொறுக்கியில்லா எடுத்தான்.

இனி ஒம்மவ கதை. அஞ்சு வயசுப் பிள்ளைக்கு ஏதோ பொம்மை வீடு, விளக்கு எரியும், கதவு திறக்கும்னு படம் அனுப்பியிருக்க. விலையைப் பாத்து நான் கண்ணாடியைத் துடைச்சு ரெண்டாவது தடவை பாத்தேன். ஏலே, அந்த விலைக்கு எங்க காலத்துல நெசமான வீட்டுக்கு நிலைக்கதவு வச்சிரலாம். சிறுவீட்டுப் பொங்கல்னு ஒண்ணு இருந்ததே, மறந்துட்டியா? மார்கழி பூரா பொம்பளப் பிள்ளைய விடியக்காலம் எந்திச்சு, கோலத்து நடுவுல சாணி உருண்டை வச்சு, மேல பூசணிப்பூவைச் சொருகும். அந்த உருண்டையைத் தட்டிக் காயவச்சு மாசம் முழுக்கச் சேத்து வைக்கும். தைப்பொங்கல் கழிஞ்சு, முத்தத்துல களிமண்ணால ஒரு சின்ன வீடு கட்டுவோம், அடுக்களை, வாசல்னு எல்லாம் இருக்கும். அதுக்கு முன்னால பிள்ளைய பொங்கல் விட்டு, அந்த எருவை ஆத்துல கொண்டு போயி மிதக்கவிடும். ஒந்தங்கச்சிக்கு வீடு கட்டினது நீதான்டே! வாசலைப் பின்பக்கம் வச்சுட்ட. அவ ஒரு நாள் பூரா ஒங்கூடப் பேசல. இப்ப நீ பெரிய இன்ஜினியராம்.

ஒம்மவ மார்கழி பூரா சென்னையில இருந்துட்டா, எரு சேக்கல. பரவாயில்ல. ஒங்க அத்தை இந்த மார்கழி ஒண்ணாந்தேதியில இருந்து பிள்ளை பேருல பூ வச்சுக்கிட்டு இருக்கா, நான்தான் தட்டிக் காயவைக்கேன். அதை ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. சொல்லிட்டேன். களிமண் குழைச்சு வீடு கட்டுதது மட்டும் பெத்த அப்பன் சோலி. இந்தத் தடவை வாசலை முன்னால வை.

பொங்கலன்னைக்கே ராத்திரி ரயிலு பிடிச்சு ஓடிராத. பொங்கலுக்கு மறுநாள் விடியக்காலம்தான் நெசமான பொங்கல். தண்ணி ஊத்தி வச்ச பொங்கச்சோத்தைப் பிழிஞ்சு, முந்தின நாள் குழம்பு, கூட்டு, அவியல் எல்லாத்தையும் ஒரே சட்டியில போட்டுச் சுண்டவச்ச சுண்டக்கறியைத் தொட்டுக்கிட்டுத் தின்னு பாரு. எதுல எது இருக்குன்னு யாருக்கும் தெரியாது. ஒன் பாதாம் நூறு கிலோ போட்டாலும் அந்த ருசி வராது. அதைத் தின்னுட்டு, பானையில கட்டின மஞ்சளை எடுத்துக் குடுத்து நெத்தியில கீறிவிடச் சொல்லி பெரியவங்க முன்னால குனியணும். நான் காசும் வச்சிருக்கேன். புது நோட்டுக்கு பேங்குல ரெண்டு நடை நடந்தாச்சு.

எனக்கு என்ன வேணும்னு கேட்டேல்லா? ஒண்ணும் வேண்டாம்ப்பா. இந்த வயசுல எனக்கு எதுக்கு? நீ போகிக்கு முந்தின நாளே வந்து சேரு, அது போதும். சந்தையில சிறுகிழங்கு ஆறு கிலோ சொல்லியிருக்கேன், ரெண்டு வீட்டுக்கும் சேத்து. மண்ணோட சாக்குல போட்டுக் கட்டி, கருங்கல்லுல அடிச்சு அடிச்சு உருட்டினாத்தான் தோலு போகும். மிச்சத்தை ஒண்ணொண்ணா நகத்தால சுரண்டணும். எனக்குத் தோள்ல பிடிப்பு, ஒங்க அத்தைக்கு முட்டுவலி. சாக்கைத் துவைச்சுக் காயப்போட்டாச்சு, கல்லையும் கழுவி வச்சாச்சு. விரலெல்லாம் கறுத்துப் போகும், புளி தேச்சாலும் நாலு நாளைக்குப் போகாது. திங்கக்கிழமை ஆபீசுல இதென்ன கையின்னு கேட்டா, எங்க மாமா குடுத்த பொங்கல் பரிசுன்னு சொல்லு.