ஐடேனியத்துக்கு ஆதரவு வாபஸ்

1994 ஜூன் மாதம் எச்.பி.யும் இன்டெல்லும் கூட்டணி அறிவித்தன. நம்மூரில் என்றால் இரண்டு தலைவர்கள் கைகோத்து உயர்த்திக் காட்டி, நாற்பதும் நமதே என்பார்கள். அங்கேயும் ஏறக்குறைய அதுதான் நடந்தது. 64-பிட்டில் அடியோடு புதிய சிப் ஒன்றைச் செய்து, டேட்டா சென்டர்களில் குடியிருக்கும் மற்றச் சிப்புகளையெல்லாம் காலி செய்ய வைப்பது என்பது குறைந்தபட்சச் செயல்திட்டம். 1997இல் ஐ.டி.சி. என்ற ஆய்வு நிறுவனம் கருத்துக்கணிப்பும் வெளியிட்டது: 2001க்குள் ஆண்டுக்கு 38 பில்லியன் டாலர் விற்பனை. கருத்துக்கணிப்பு எப்படிப் பலிக்கும் என்பது நமக்குத் தெரியாததா.

சிப்பின் தத்துவம் அழகானது. எந்தக் கட்டளைகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஓட்டலாம் என்று வழக்கமான சிப் ஓடும்போதே மண்டையை உடைத்துக்கொள்ளும். இந்தச் சிப் அந்தச் சிரமம் எதையும் எடுத்துக்கொள்ளாது. நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதாவது, மூளை உழைப்பு மென்பொருள்காரனுக்கு, விளம்பரப் பலகையில் படம் சிப்புக்கு. மென்பொருள்காரனின் தயவில்தான் காலம் தள்ளப்போகிறோம் என்று பிறப்புச் சான்றிதழிலேயே எழுதிக்கொண்டு வந்த சிப் அது. ஆனால் அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

முதலில் பயம் நன்றாக வேலை செய்தது. சிப் சந்தைக்கு வரும் முன்பே, 1998இல், எஸ்.ஜி.ஐ. தன் மிப்ஸ் சிப்பை ஒதுக்கிவைத்தது. 2001இல் காம்பாக், அந்நாளில் பொறியாளர்கள் கும்பிட்ட ஆல்ஃபா சிப்பைத் தூக்கி இன்டெல்லிடமே கொடுத்துவிட்டது. போட்டியிடாமலே பாதிப் பேரைத் தோற்கடித்தாயிற்று. தயங்கி நின்ற மென்பொருள் நிறுவனங்களுக்காக 1999இல் இன்டெல்லும் நண்பர்களும் 250 மில்லியன் டாலருக்கு ஒரு முதலீட்டு நிதி திறந்தார்கள். தேர்தல் நிதி என்று வாசிக்கவும். அதே ஆண்டு அக்டோபரில் 'ஐடேனியம்' என்று பெயர் சூட்டினார்கள். சில மணி நேரத்தில் இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அதை 'ஐடானிக்' ஆக்கினார். டைட்டானிக் படம் வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, பெயர் ஒட்டிக்கொண்டது.

2001இல் சிப் வந்தது. இன்டெல்லின் பழைய எக்ஸ்86 சிப்புகளுக்கு எழுதிய நிரல்களைக் கொடுத்தால் நொண்டியது. புதிதாக எழுதிக் கொடுத்தால் ஓடுமாம், ஆனால் எழுதுவது யார்? 2003 ஏப்ரலில் போட்டி நிறுவனமான ஏ.எம்.டி. ஆப்டெரான் என்று ஒரு சிப்பை இறக்கியது. பழைய நிரல் அப்படியே ஓடும், 64-பிட்டும் உண்டு. அதற்கும் விண்டோஸ் தருகிறோம் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. மறு ஆண்டே இன்டெல், வாயை மூடிக்கொண்டு, ஏ.எம்.டி.யின் கட்டளைத் தொகுப்பைத் தன் ஸியான் சிப்பில் சேர்த்தது. சொந்த வேட்பாளரை எதிர்த்துத் தானே போட்டி வேட்பாளரை நிறுத்திய கட்சி என்ற பெருமை அதற்கு உண்டு.

அப்புறம் ஆதரவு வாபஸ் படலம். 2005இல் டெல் போனது, ஐ.பி.எம். போனது. அதே வருஷம் மிச்சமிருந்தவர்கள் கூடி ஐடேனியம் சொல்யூஷன்ஸ் அலையன்ஸ் என்று ஒன்றை அமைத்து, 2006 ஜனவரியில், 2010க்குள் 10 பில்லியன் டாலர் முதலீடு என்று முழங்கினார்கள். 2009 டிசம்பரில் லினக்ஸ் தரும் ரெட் ஹாட், 2010 ஏப்ரலில் விண்டோஸ் தரும் மைக்ரோசாஃப்ட்: அடுத்த பதிப்பில் ஐடேனியம் கிடையாது. மேடையில் எச்.பி. ஏறக்குறையத் தனியாக நின்றது. கையில் ஒரே ஒரு பெரிய கூட்டாளி, ஆரக்கிள். எச்.பி.யின் யூனிக்ஸ் இயந்திரத்தை வாங்கியவர்களில் பெரும்பகுதியினர் அதில் ஆரக்கிள் டேட்டாபேஸ் ஓட்டத்தான் வாங்கினார்கள்.

ஆனால் ஆரக்கிள் 2010 ஜனவரியில் சன் நிறுவனத்தை வாங்கி, ஸ்பார்க் என்ற சொந்தச் சிப்போடு தனிக்கட்சி ஆகியிருந்தது. ஆகஸ்டில் எச்.பி.யின் தலைவர் மார்க் ஹர்ட் பதவி விலக நேர்ந்தது. செப்டம்பரில் ஆரக்கிள் தலைவர் லாரி எல்லிசன் அவரைத் தன் நிறுவனத்தில் சேர்த்துக்கொண்டார். எச்.பி. வழக்குப் போட்டது. இரண்டு வாரத்தில் சமரசம். அந்த ஒப்பந்தத்தில், எச்.பி. இயந்திரங்களில் ஆரக்கிள் தன் மென்பொருளைத் தொடர்ந்து தரும் என்று ஒரு வாக்கியம் உட்கார்ந்துகொண்டது. பத்தே நாளில் எச்.பி. புதிய தலைவரை அறிவித்தது: லியோ ஆப்போதக்கர், ஆரக்கிளின் பரம வைரியான எஸ்.ஏ.பி.யின் முன்னாள் தலைவர். கூட்டணி தர்மம் என்றால் இதுதான்.

டிசம்பரில் ஆரக்கிள் சத்தமில்லாமல் ஒரு அட்டவணையைத் திருத்தியது. இந்தக் கதையிலேயே நான் ரசிக்கும் இடம் இது. ஆரக்கிள் உரிமத்துக்கான கட்டணம் சிப்பின் கோர்களை, அதாவது உள்ளே இருக்கும் தனித்தனிச் செயலிகளை, எண்ணி, அதை ஒரு பின்னத்தால் பெருக்கி வருவது. புது ஐடேனியம் 9300க்கு அந்தப் பின்னம் 0.5, அதை 1 ஆக்கினார்கள். உரிமம் ஒன்று பட்டியல் விலையில் 47,500 டாலர். 16 கோர் கொண்ட இயந்திரத்துக்கு 3,80,000 டாலராக இருந்தது, மறுநாள் 7,60,000. சிப்பில் ஒரு டிரான்ஸிஸ்டர்கூட அசையவில்லை. தங்கள் ஸ்பார்க் டி3க்கு மட்டும் 0.25. எந்தச் சிப் வேகமானது என்று பொறியாளர்கள் மாதக்கணக்கில் அளந்து அறிக்கை தருவார்கள். கணக்குப்பிள்ளை இந்த அட்டவணையைப் பார்த்து ஒரு நிமிஷத்தில் முடிவெடுத்துவிடுவார்.

2011 மார்ச் 22இல் கடைசி அடி. ஐடேனியத்துக்கு இனி எதையும் எழுத மாட்டோம், இன்டெல்லே அதை முடித்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறது என்றது ஆரக்கிள். அப்படியெல்லாம் இல்லை என்று இன்டெல் மறுத்தது. எச்.பி. சான்டா கிளாரா நீதிமன்றத்துக்கு ஓடியது. அங்கே மூட்டை பிரிந்தது: ஐடேனியத்தைத் தொடர்ந்து தயாரிப்பதற்காக இன்டெல்லுக்கு எச்.பி. மொத்தம் 690 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டிருந்தது! நம்மூர் பாஷையில் ரிசார்ட் வாடகை. சமரச ஒப்பந்தத்தில் உட்கார்ந்திருந்த அந்த வாக்கியம் வெறும் நல்லெண்ண வார்த்தை என்று ஆரக்கிள் வாதாடியது. ஆப்போதக்கர் வருவதை மறைத்து ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்றும் அழுதது. 2012 ஆகஸ்டில் நீதிபதி, வாக்கியம் வாக்கியம்தான், எழுதிக்கொடு என்றார். 2016இல் ஜூரி நஷ்ட ஈடு நிர்ணயித்தது: 3 பில்லியன் டாலர்.

2021 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஜூலை 29, கடைசி ஐடேனியம் சிப்புகளை அனுப்பிவைக்க இன்டெல் குறித்திருந்த கெடு. அக்டோபரில் ஆரக்கிள் வட்டியோடு சுமார் 4.65 பில்லியன் டாலர் கட்டியது. இடையில் எச்.பி.யே இரண்டு கம்பெனிகளாகப் பிரிந்திருந்தது. பணத்தை இரண்டும் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. சிப்பைச் செய்த இன்டெல்லுக்கு அதில் ஒரு சென்ட்கூடக் கிடையாது.